கோவை உழவர் சந்தையில் எந்த மாதம் எந்தக் காய்? தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாமா?

சென்னையிலிருந்து வடவள்ளிக்குக் குடிவந்திருக்கிறீர்கள். உழவர் சந்தையில் எந்த மாதம் எந்தக் காய் வாங்கலாம், ஏமாறாமல் வாங்குவது எப்படி, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு பக்கத்துத் தோட்டம் எதையாவது பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைத் திரும்பப் படித்தால் அடியில் இன்னொன்று இருக்கிறது: மருந்து அதிகம் அடிக்காத, அன்றைக்குப் பறித்த காயைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா என்பதுதான் அது. பருவத்தையும் பதத்தையும் கண்ணாலும் கையாலும் கண்டுபிடித்துவிடலாம். மருந்தை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கீழே எழுதியிருப்பது கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கத்துக்குப் பொருந்தும். டெல்டாவுக்கோ நெல்லைக்கோ மாதக் கணக்கு மாறும்.

முதலில் சந்தையைப் பற்றிக் கொஞ்சம். உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே நேரடியாக விற்க வேண்டும் என்பது நோக்கம். நிலத்தையும் பயிரையும் சரிபார்த்த பிறகு, படம் போட்ட அடையாள அட்டை கொடுப்பார்கள். விலையை விவசாயி தன் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. சந்தை ஊழியர்கள் அதிகாலையில் மொத்த விற்பனை நிலவரத்தைக் கேட்டு, அதைவிட 20 சதவீதம் வரை கூடுதலாகவும், வெளிக்கடை சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் இருக்கிற மாதிரி ஒரு விலையை முடிவு செய்து பலகையில் எழுதுவார்கள். மொத்த விலை கிலோ 30 ரூபாய் என்றால் பலகையில் 36 இருக்கும், வெளியில் 42 இருக்கும். விவசாயிக்கு 6 ரூபாய் லாபம், உங்களுக்கும் 6 ரூபாய் லாபம். இதற்கு மேல் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். 10 மணிக்கு மேல் மிச்சக் காயைத் திருப்பி எடுத்துப்போக மனமில்லாமல் அவர்களே குறைத்துக் கொடுப்பார்கள், அது வேறு. உங்களுக்கு வடவள்ளி சந்தை கிட்டத்தில் இருக்கிறது. ஆர்.எஸ்.புரமும் சிங்காநல்லூரும் பெரியவை. கீரையும் வெண்டையும் வேண்டுமென்றால் 7 மணிக்குள் போய்விடுங்கள். வெங்காயம், பூசணி, கிழங்குக்கு அந்த அவசரம் இல்லை.

அந்த விலைப்பலகைதான் உங்களுக்குப் பருவப் பட்டியல். தினமும் பார்க்க வேண்டாம், வாரம் ஒருமுறை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு காய் மூன்று வாரமாகத் தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தால் இந்தப் பக்கத்தில் அறுவடை சூடுபிடித்துவிட்டது என்று பொருள். திடீரென்று ஏறினால் மழையாக இருக்கும், அல்லது ஓணமாக இருக்கும். கோவையில் காய்கறி விலையைத் தீர்மானிப்பதில் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆவணியில் ஓணம் நெருங்கும்போது நேந்திரன், சேனை, பூசணி, முருங்கை எல்லாம் எல்லை தாண்டும். புரட்டாசியில் வீட்டுக்கு வீடு கவுச்சியை நிறுத்துவார்கள். கார்த்திகையில் மாலை போடுவார்கள். அப்போதும் காய்க்குத் தேவை கூடும்.

மாதக் கணக்கை மனப்பாடம் செய்வதைவிட விதைப்பிலிருந்து நாளை எண்ணப் பழகுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சந்தையில் அதை முன்னோக்கி எண்ண வேண்டும். ஆடி முதல் வாரம் விதை போட்டால் வெண்டையும் கொத்தவரையும் ஏறக்குறைய 45 நாளில் முதல் பறிப்புக்கு வரும், அதாவது ஆவணி இரண்டாம் பாதி. தக்காளியும் கத்தரியும் நாற்று விட்டு, 25, 30 நாளில் பிடுங்கி நட்டு, அதற்கு மேல் இரண்டு மாதம் ஆகும். ஆகவே புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி. சின்ன வெங்காயம் நட்டு 65, 70 நாள். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் முடிந்துவிடும் என்பதால் அதற்குப் பட்டம் என்று எதுவும் இல்லை, ஐப்பசி அடைமழையில் மட்டும் இலையெல்லாம் சேறும் புள்ளியுமாக வரும். அந்த இரண்டு மூன்று வாரம் கீரையை விட்டுவிட்டு முருங்கைக்கீரை வாங்குவது புத்திசாலித்தனம்.

வருடத்தில் சந்தை நிறைந்து வழிவது மார்கழியிலிருந்து மாசி வரை. பந்தல் அவரை அப்போதுதான். நாட்டு அவரைக்கொடி பகல் நேரம் சுருங்கினால்தான் பூ எடுக்கும், ஆகவே அதை வைகாசியில் தேடிப் பயனில்லை. ஆண்டு முழுக்கக் கிடைப்பது செடி அவரை, அதன் ருசி வேறு. பச்சை மொச்சை, சர்க்கரைவள்ளி, கருணை, மஞ்சள் கொத்து, நெல்லிக்காய் எல்லாம் பொங்கலை ஒட்டி வரும். தக்காளி இந்த மூன்று மாதத்தில் மலிவாகவும் கெட்டியாகவும் இருக்கும். முருங்கைக்காய் மட்டும் இதற்கு நேர் எதிர். மழையிலும் பனியிலும் பூ உதிர்ந்துவிடுவதால் மார்கழி, தையில் விலை உச்சத்தில் நிற்கும். பங்குனி தொடங்கிவிட்டால் மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து குவியும். மார்கழியில் முருங்கைக்காய் சாம்பார் வைத்தே ஆக வேண்டும் என்று யாராவது அடம் பிடித்தால் அது அவர்கள் பர்சின் பிரச்சினை.

சித்திரை, வைகாசியில் காய் சுருங்கிப் பழம் விரியும். மாம்பழம், நுங்கு, பலா. பீர்க்கு, புடலை, வெள்ளரி நன்றாக இருக்கும். கடும் வெயிலில் தக்காளிப்பூ கொட்டிவிடும், அதன் விளைவு விலையில் தெரிய ஒன்றரை மாதம் ஆகும். அதனால்தான் ஆனி, ஆடியில் தக்காளி எகிறுகிறது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த நேரத்தில் புளி இருக்கவே இருக்கிறது. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து வாழையைச் சாய்க்கும். சாய்ந்த தாரை முற்றாமலே வெட்டி விற்பார்கள். ஆடியில் வாழைக்காய் மலிவாக இருந்து, விரல் மெலிந்து விளிம்பு கூராக இருந்தால் அந்தக் கதைதான். பஜ்ஜிக்கு ஆகும், பழுக்க வைத்தால் வெம்பும். சீதாப்பழம் ஆவணியிலிருந்து ஐப்பசி வரை.

இனி வாங்கும் விதம். சின்ன வெங்காயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் அதிகம் வாங்குவதும் அதிகம் ஏமாறுவதும் அதில்தான். தாள் மஞ்சளாகித் தரையில் சாய்ந்ததும் பிடுங்குவார்கள். விளைந்த நிலத்திலேயே இரண்டு மூன்று நாள் உலர்த்தி, தாளைக் கிள்ளி, தரம் பிரிப்பார்கள். உடனே விற்காத வெங்காயம் பட்டறைக்குப் போகும். பட்டறை என்பது தரையிலிருந்து உயர்த்தி, பக்கவாட்டில் காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்த நீளமான அடுக்கு. நன்றாகக் காய்ந்த வெங்காயம் அதில் மூன்று நான்கு மாதம் தாங்கும், எடை மட்டும் குறையும். பட்டறையில் போட்டவர் கேட்கும் கூடுதல் விலைக்கு அந்த எடைக் குறைவும் ஒரு காரணம். சந்தையில் பார்க்க வேண்டியது கழுத்து. கட்டை விரலால் கழுத்தை அழுத்துங்கள். காகிதம் மாதிரி உலர்ந்து மூடியிருந்தால் வீட்டில் ஒரு மாதம் நிற்கும். மெத்தென்று அமுங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது, ஒரு வாரத்தில் ஒன்று அழுகி அடுத்ததையும் கெடுக்கும். கையில் ஒரு பிடி அள்ளிக் குலுக்கினால் சருகுச் சத்தம் வர வேண்டும். தோலுக்குள் கரும்பொடி தெரிந்தால் மழையில் நனைந்த சரக்கு. ஈர வெங்காயம் மலிவாகக் கிடைத்தால் கெட்டது என்று ஒதுக்க வேண்டாம், மூன்று நாள் சமையலுக்கு மட்டும் வாங்குங்கள். பத்து கிலோ வாங்கிச் சாக்கோடு சமையலறையில் வைத்துவிட்டு விவசாயி ஏமாற்றிவிட்டார் என்பது நியாயமில்லை.

கத்தரிக்காயில் ஓட்டை இருந்தால் புழு இருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறோம். காய்த்துளைப்பான் என்னும் அந்தப் புழு குஞ்சாக இருக்கும்போது காம்புத் தொப்பியின் கீழ் நுழைகிறது. அந்த வழி கண்ணுக்கே தெரியாது, தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். நமக்குத் தெரியும் பெரிய ஓட்டை, புழு வளர்ந்து வெளியேறிய வழி. ஆகவே ஓட்டையுள்ள காயில் புழு போயிருக்கலாம், ஓட்டையில்லாத காயில் இருக்கலாம். வெட்டித்தான் பார்க்க வேண்டும். பிஞ்சா என்பதை எடையில் பார்க்கலாம்: ஒரே அளவுள்ள இரண்டில் கனமானது விதை பிடித்தது. வெண்டை பூத்த 5, 6 நாளில் பதம், அதற்கு மேல் நார். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், ஒரு பறிப்பு தவறினால் முற்றிவிடும். நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், நீங்கள் ஒடித்ததை அடுத்தவர் வாங்கமாட்டார். விரல் நீளத்துக்கு மேல் போகாமல் எடுத்தால் போதும். முருங்கையில் விதை வெளியே புடைத்துத் தெரிந்தால் முற்றல், லேசாக முறுக்கினால் வளைய வேண்டும். கேரட் மலையிலிருந்து வருவது. இயந்திரத்தில் கழுவிப் பளபளப்பது சீக்கிரம் கொழகொழக்கும், மண் ஒட்டியது பத்து நாள் தாங்கும். இலையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் இலையைக் கிள்ளிவிடுங்கள், அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சும். உருளையில் பச்சை படர்ந்திருந்தால் எடுக்காதீர்கள்.

விற்பவர் விவசாயியா, வியாபாரியா என்பது அடுத்த சந்தேகம். விவசாயியிடம் பெரும்பாலும் இரண்டு மூன்று வகைதான் இருக்கும், அதுவும் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். ஒரே கடையில் பன்னிரண்டு வகையும் ஒரே அளவாக அடுக்கியிருந்தால் மொத்தச் சந்தையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். இது ஊகம்தான், தீர்ப்பு அல்ல. கூட்டுக்குடும்பத்தில் மூன்று பேர் தோட்டத்துக் காய் ஒருவர் கடைக்கு வருவதும் உண்டு. நான் சொல்லும் சோதனை எளியது: எப்போது நட்டீர்கள், இன்னும் எத்தனை பறிப்பு வரும் என்று கேளுங்கள். நட்டவர் யோசிக்காமல் சொல்வார்.

இப்போது மருந்து. பூச்சி கடித்த காய் மருந்தடிக்காதது என்பது நம்பிக்கை மட்டுமே. அடித்தும் கேட்காத பூச்சிதான் கடித்திருக்கும் பல நேரம். கோணலாக இருந்தால் இயற்கை என்பதும் அப்படியே. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: ஒவ்வொரு மருந்துக்கும் தெளித்த பிறகு அறுவடைக்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு, மருந்துக்கும் பயிருக்கும் தக்கபடி ஒரு நாளிலிருந்து சில வாரம் வரை மாறும். சில நாளுக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருக்கும் வெண்டை, கத்தரி, பாகல், தக்காளியில் அந்த இடைவெளியைக் கடைப்பிடிப்பது விவசாயிக்குக் கஷ்டம். மண்ணுக்குள் விளையும் சேனை, கருணை, வீட்டு ஓரத்து முருங்கைக்கீரை, பூசணி இவற்றில் அந்த நெருக்கடி குறைவு. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் சமையலை இந்தப் பக்கம் திருப்பினாலே சாப்பிடும் மருந்தின் அளவு குறைய வாய்ப்பு உண்டு. காயில் தங்கும் மருந்து பற்றிய புகாரில் அடிக்கடி அடிபடுவது கறிவேப்பிலை. அதை மட்டும் ஒரு தொட்டியில் வளர்த்துவிடுங்கள், கோவை வெயிலுக்கு நன்றாக வரும்.

ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மண்ணும், தோல் மேல் ஒட்டிய மருந்தில் ஒரு பகுதியும் போகும். உப்பு, புளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் இன்னும் கொஞ்சம் போகலாம். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து எந்தக் கழுவலுக்கும் போகாது. 'இயற்கை விளைச்சல்' என்று பலகை வைத்திருப்பவரிடம் சான்று இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டு வகைச் சான்று உண்டு: என்.பி.ஓ.பி. என்பது வெளி அமைப்பு வந்து சோதித்துத் தருவது, பி.ஜி.எஸ். என்பது விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் சரிபார்ப்பது. தமிழ்நாட்டில் சான்று தரும் அரசுத் துறை கோவையிலேயே இருக்கிறது. சான்று இல்லாதவர் பொய் சொல்கிறார் என்றும் ஆகாது, காகித வேலைக்குப் பயந்து எடுக்காதவர்களும் இருக்கிறார்கள்.

மாம்பழத்துக்கு ஒரு வார்த்தை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. எத்திலீன் வாயு குறிப்பிட்ட அளவுக்குள் அனுமதிக்கப்பட்டது. தண்ணீரில் போட்டால் மிதப்பது கார்பைடு பழம் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. மிதப்பது பழம் முற்றாமல் பறித்ததைக் காட்டும், கல்லை அல்ல. முற்றாத காயைத்தான் கல் வைத்து அவசரமாகப் பழுக்க வைப்பார்கள் என்பதால் இரண்டும் சில சமயம் ஒத்துப்போகும், அவ்வளவுதான். பங்குனித் தொடக்கத்தில் வரும் பழத்தை விட்டுவிட்டுச் சித்திரை பாதிக்கு மேல் வாங்குவது இந்தச் சோதனைகளையெல்லாம்விட நம்பகமானது.

தோட்டம் பார்க்கத் தாராளமாகப் போகலாம். டிக்கெட் வாங்கிச் சுற்றிக் காட்டும் இடங்களைவிட, நீங்கள் தொடர்ந்து காய் வாங்கும் ஒருவரிடம் கேட்டுப் போவதுதான் நல்லது. நாலைந்து வாரம் வாங்கிய பிறகு, "ஏனுங்க, ஒரு நாளைக்குத் தோட்டம் பாக்க வரலாமுங்களா? கூட ரெண்டு குழந்தைங்க வருவாங்க" என்று கேட்டால் வேண்டாம் என்பவர் குறைவு. வடவள்ளியிலிருந்து தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் கிட்டம். பாக்கு, வாழை, வெங்காயம், பந்தல் காய் பார்க்கலாம். தக்காளிக்குக் கிணத்துக்கடவு, கறிவேப்பிலைக்குக் காரமடை, தென்னைக்குப் பொள்ளாச்சி, ஆனைமலை. கரும்பாலை பார்க்க வேண்டுமென்றால் தை, மாசியில் ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கம் போங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை அங்கிருந்துதான் போகிறது. கொப்பரையில் பாகு கொதிக்கும்போது பிள்ளைகள் பத்தடி தள்ளியே நிற்க வேண்டும். இங்கே ஒரு சொல் வித்தியாசம்: கொங்கில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம், காடு என்றால் மானாவாரி நிலம். 'காட்டுக்குப் போயிருக்கிறார்' என்றால் பயப்பட வேண்டாம்.

நேரம்தான் முக்கியம். சந்தையில் பார்த்தவர் காலையில் சந்தையில்தான் இருப்பார். மறுநாள் காயை முந்தின நாள் பிற்பகலில் பறிப்பார்கள், ஆகவே மூன்று மணிக்குப் போய் ஐந்து மணிக்குள் கிளம்புவது சரி. மலையடிவாரத் தோட்டங்களில் அந்திக்கு மேல் யானை இறங்கும். அவரே உங்களை அனுப்பிவிடுவார், இன்னும் அரை மணி நேரம் என்று கெஞ்ச வேண்டாம். சனிக்கிழமை தவிருங்கள், ஞாயிறு விற்பனைக்குப் பறிப்பு மும்முரமாக இருக்கும். விடுமுறைகளில் அரையாண்டும் பொங்கலும்தான் தோட்டம் பார்க்கப் பொருத்தம். கோடை விடுமுறையில் போனால் பாதி நிலம் உழுது காயப் போட்டிருக்கும்.

போனதும் முதலில் கேட்க வேண்டியது, மருந்து அடித்து எத்தனை நாள் ஆச்சு என்பது. நேற்றோ முந்தா நாளோ என்றால் அந்தப் பாத்திக்குள் இறங்காதீர்கள், பறித்து அப்படியே கடிக்க விடாதீர்கள். கோவைக் கிணறுகள் ஆழமானவை, பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது, விளிம்பில் புல் மூடியிருக்கும். பிள்ளைகளின் கை உங்கள் கையில் இருக்கட்டும். பன்றிக்குப் போட்ட மின்வேலி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொட்டுநீர்க் குழாய்மேல் மிதிக்காமல் தாண்டச் சொல்லுங்கள். வெண்டைக்குள் போவதென்றால் முழுக்கைச் சட்டை, அதன் சுணை அரிக்கும். பறிக்க ஆசைப்பட்டால் எப்படி என்று காட்டச் சொல்லிவிட்டுப் பறிக்கட்டும். கத்தரியைக் காம்போடு வெட்ட வேண்டும், இழுத்தால் கிளை கிழிந்து அடுத்த பத்துக் காய் போய்விடும். கூலி ஆட்கள் வேலை நேரத்தில் நின்று பேசினால் நஷ்டம் தோட்டக்காரருக்கு. எடுத்துவருவதற்கு அன்றைய பலகை விலையைக் கொடுங்கள், தோட்டத்துக்கே வந்துவிட்டோமே என்று குறைக்காதீர்கள். அவர் கடைசியில் ஒரு சீப்பு வாழையோ இரண்டு தேங்காயோ பையில் போடுவார். அதற்குக் காசு நீட்டினால் கோபம் வரும், வாங்கிக்கொள்ளுங்கள்.